அசைவிலிருந்து மின்சாரம்: மன்னார்குடித் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

குறுவை நடவு வேலைகளுக்கு நடுவே தாங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். வளைத்தால் மின்சாரம் தரும் பிளாஸ்டிக் தாள்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று பிளஸ் டூ முடித்த மகள் உறுதியாக நிற்பதாகவும், அப்படியொரு படிப்பு உண்டா என்று கேட்டால் ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆசைப்படுவது கற்பனையான ஒன்றன்று.

தங்கள் அடுப்படியிலுள்ள கேஸ் லைட்டரை எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு சுத்தியல் ஒரு பீங்கான் துண்டைத் தட்ட, அந்த அழுத்தமே மின்னழுத்தமாக மாறி நுனியில் பொறி பறக்கிறது. பேட்டரி ஏதும் அதில் இல்லை. படிகங்களின் இந்தப் பண்பைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். ஆனால் பீங்கான் வளையாது, உடைந்துவிடும். பாலிவினைலிடின் ஃபுளூரைடு என்ற பிளாஸ்டிக்கிலும் இதே பண்பு வலுவாக உண்டு என்பதை 1969இல் ஜப்பானிய அறிஞர் கவாய் காட்டினார். அத்தாளில் தோன்றும் மின்னூட்டத்தைச் சேகரிக்க இருபுறமும் மின்வாய், அதாவது மின்சாரத்தை வாங்கிக் கடத்தும் மெல்லிய பூச்சு, வேண்டும். உலோகப் பூச்சு ஓயாமல் வளைந்தால் விரிசல் விடும் என்பதால், மின்கடத்தும் பாலிமர்களை (மின்சாரம் பாயவிடும் பிளாஸ்டிக் வகைகளை) அவ்விடத்தில் பயன்படுத்துகிறார்கள். 1977இல் அத்தகைய பாலிமரை உருவாக்கிய ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் 2000இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இதனால் பம்புசெட் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓடாது. ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 3,700 வாட் வேண்டும். இந்தத் தாள்கள் தருவதோ பெரும்பாலும் மைக்ரோவாட், மில்லிவாட் அளவுதான், அதாவது ஒரு வாட்டில் மிகச் சிறு பங்கு. நாடித்துடிப்பை அறியும் பட்டை, காலடி அழுத்தத்தை அளக்கும் செருப்பு போன்ற சிறு கருவிகளுக்கே அது பொருந்தும்.

இத்தகைய தாள்களின் பெயரிலேயே தனி இளநிலைப் படிப்பைத் தேடாதீர்கள். கவர்ச்சியான பெயருள்ள படிப்பில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்துவிட்டு, அடிப்படை வேதியியலே சரியாகக் கற்காமல் என்னிடம் வந்து கலங்கிய மாணவர்களைக் கண்டிருக்கிறேன். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் என்ற தேசிய நுழைவுத்தேர்வை எழுதித் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடத்தில் எம்.எஸ்சி. சேர்வது செலவு குறைந்த, உறுதியான வழி. பொறியியலே வேண்டுமென்றால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நடத்தும் பி.டெக். படிப்பைக் கலந்தாய்வில் கவனியுங்கள்.

ஆராய்ச்சிப் பட்டம் வரை ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகலாம். அந்த நீளத்தை மகளிடம் மறைக்கவேண்டாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகைக்கான தகுதி) பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இடையில் நிறுத்த நேர்ந்தாலும், எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குப் பெயிண்ட், கேபிள், பேட்டரி தொழிற்சாலைகளின் ஆய்வகங்களில் வேலைக்கு வழியுண்டு.

பி.எஸ்சி. வேதியியலுக்குச் சில கல்லூரிகளில் தாவரவியலையோ விலங்கியலையோ துணைப்பாடமாகத் தருவார்கள்; தங்கள் மகளுக்குத் தேவை இயற்பியலும் கணிதமும். விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் இதை நேரில் கேட்டுவிடுங்கள்.