கீமோ நடக்கும்போது அம்மாவை நடக்க விடலாமா?

"அம்மாவுக்கு மார்பில் கான்சர், ஒபரேசன் முடிந்து தெல்லிப்பளையில் இரண்டாவது கீமோவும் ஏற்றியாச்சு, எழும்பி நடந்தால் வருத்தம் கூடும் என்று சொந்தக்காரர் படுக்க வைத்தே வைத்திருக்கிறார்கள், நடக்க விடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. விடுங்கள். டொக்டரிடம் ஒருதரம் கேட்டுவிட்டு விடுங்கள்.

எனக்கும் அதே வருத்தம்தான் வந்தது, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையோடு இருக்கிறேன். கீமோ அசதி நாற்று நட்டுவிட்டு வருகிற அசதி மாதிரி இல்லை, படுத்தால் தீராது. படுக்கப் படுக்கக் கால் சதை வற்றி, பிறகு கிணற்றடிக்குப் போகவே மூச்சு வாங்கும். நான் முதலில் படலை வரை போய் வந்தேன், அவ்வளவுதான். அப்புறம் வாய்க்கால் மதகு வரை, வெயில் ஏற முன்னம், மகள் தண்ணிப் போத்தலோடு பக்கத்தில். மருந்து ஏற்றின பிறகு மூன்று நாலு நாள் முற்றத்தோடு நின்றுவிடுவேன்.

நடை கான்சரை மாற்றாது, அதற்கு மருந்துதான். ஆனால் கிழமைக்கு மூன்று தரம் 30 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்க நடந்தால் அசதியும் மனப்பதற்றமும் குறையும் என்று 2019 இல் வந்த சர்வதேச வழிகாட்டலே சொல்கிறது. அந்த 30க்கு மெல்ல மெல்லப் போனால் சரி. அம்மா போகிற அந்த ஆஸ்பத்திரியே 2011 இல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பினதுதான், அதைச் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள்.

ஒபரேசன் செய்த பக்கத்துக் கையை மறக்காதீர்கள். அக்குளில் நெறி கட்டுகிற சின்ன முடிச்சுகளை, அதுதான் நிணநீர்க் கணுக்களை, எடுத்திருந்தால் தோள் இறுகும், கை வீங்கவும் பார்க்கும். உடற்பயிற்சி சொல்லித்தருகிற பிசியோ மிஸ் எனக்குச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, கையைச் சுவரில் விரல் விரலாக மேலே ஏற்றச் சொன்னா. எட்டின இடத்தில் மகள் கரியால் கோடு போடுவாள். முதல் கோடு தோளுக்கும் கீழே, கடைசிக் கோடு யன்னல் நிலைக்கு மேலே. அந்தச் சுவருக்கு இன்னும் வெள்ளை அடிக்க விடவில்லை.

அந்தக் கையால் கிணற்றில் தண்ணி அள்ள இப்போதைக்கு விடாதீர்கள். சில மருந்துக்குப் பாதம் விறைக்கும், முள் குத்தினாலும் தெரியாது, செருப்புக் கட்டாயம். காய்ச்சல் 38 பாகை தொட்டால் நடையும் வேண்டாம், விடியட்டும் என்று பார்க்கவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. தலை சுற்றினால், எலும்பு நொந்தால், கை வீங்கினால் நிற்பாட்டிவிட்டுக் காட்டுங்கள்.

தலைமுடி கொட்டின பிறகு எனக்குப் படலை தாண்டவே மனம் வரவில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் சீலைத் தலைப்பால் தலையை மூடிவிட்டுக் கையைப் பிடித்தாள். நீங்களும் கூடப் போங்கள். டொக்டர் ஓம் என்று சொன்ன அடுத்தநாள் விடிய, படலை வரை போய்த் திரும்புங்கள். முதல் நாளுக்கு அது காணும்.