வடிகட்டியைத் தொடும் முன் தேடுசொல்லைத் திருத்துங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். கர்ப்பிணிகளின் இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை என் ஆய்வுப் பொருள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையத்தளமான பப்மெட்டில் 'பிரெக்னன்சி அனீமியா' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. இடப்பக்க வடிகட்டிகளில் கடந்த 5 ஆண்டுகள், இலவச முழுக்கட்டுரை, மனிதர்கள் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தேன். பட்டியல் சிறிதானது; ஆனால் என் வழிகாட்டி அவசியம் படிக்கச் சொன்ன கட்டுரையைக் காணவில்லை. எங்கே தவறு?

பதில்: காணாமல் போன அந்தக் கட்டுரைதான் உங்களுக்கு வழிகாட்டப் போகிறது. அதன் பெயரை மட்டும் பப்மெட்டில் இட்டுத் தேடி, திறந்து பாருங்கள். சுருக்கத்துக்குக் கீழே 'மெஷ்' சொற்கள் என்றொரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பற்றியது என்று அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இடும் பொருள் தலைப்புகள் அவை. 1960 முதல் வழக்கில் உள்ளன. கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லைக் கையாண்டிருந்தாலும் தலைப்பு ஒன்றே.

இந்தத் தலைப்புகள் மரம்போல் கிளைத்தவை. 'அனீமியா' என்ற கிளையைப் பிடித்தால் அரிவாள்செல் சோகை, தலசீமியா என அதன் கீழுள்ள எல்லாமே சேர்ந்து வரும். நீங்கள் இட்ட சொல்லைப் பப்மெட் தானாகவே இந்தத் தலைப்போடும் பொருத்தித் தேடும்; உங்கள் பட்டியல் பெருத்ததற்கு இது ஒரு காரணம். இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கென்று தனித் தலைப்பு உண்டு. அதையும் 'பிரெக்னன்சி' தலைப்பையும் 'ஆண்ட்' (இரண்டும் இருக்க வேண்டும்) கொண்டு இணையுங்கள். இன்னும் மிகுதியாக வந்தால், அது கட்டுரையின் முதன்மைப் பொருளாக உள்ளவற்றை மட்டும் கேட்கலாம். சிகிச்சை, தடுப்பு போன்ற துணைத்தலைப்புகளையும் சேர்க்கலாம்.

மெஷ் மட்டும் போதாது. புதிதாகச் சேர்ந்த பல கட்டுரைகளுக்குத் தலைப்பு இட்டிருக்க மாட்டார்கள்; சிலவற்றுக்கு எப்போதுமே இடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் தலைப்பையும், கட்டுரைப் பெயரிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சொற்களையும் 'ஆர்' (ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால், தானாக ஒத்த சொல் தேடும் வசதி நின்றுவிடும். அனீமியாவின் பிரிட்டன், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டையும் நீங்களே தர வேண்டும். ஒரு சொல் உள்ளவற்றை விலக்கும் 'நாட்' வேண்டவே வேண்டாம் என்பேன். குழந்தைகளை விலக்க அதைப் பயன்படுத்தினால், தாயையும் சிசுவையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளும் போய்விடும்.

இப்போது வழிகாட்டி சொன்ன கட்டுரை பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகே வடிகட்டி; அதுவும் ஒவ்வொன்றாக. 'மனிதர்கள்' வடிகட்டி மெஷ் குறியீட்டையே நம்புகிறது, எனவே தலைப்பு இடப்படாத புதுக் கட்டுரைகளைத் தள்ளிவிடும். 'இலவச முழுக்கட்டுரை' எனக்குக் கவலை தரும் வடிகட்டி. ஒரு கட்டுரை இலவசமாகக் கிடைப்பதற்கும் அதன் தரத்துக்கும் தொடர்பில்லை. சந்தா இதழில் வந்த நல்ல ஆய்வைப் பார்க்காமலே விட்டுவிடுவீர்கள். அதை எடுத்துத் தரக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். நூலகர்களான எங்கள் வேலையே அதுதான். ஆண்டு வரம்பு வைத்தால், ஏன் அந்த ஆண்டு என்பதற்கு ஆய்வேட்டில் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

ஒருமுறை தேர்ந்தெடுத்த வடிகட்டி, நீக்கும் வரை அடுத்தடுத்த தேடல்களிலும் தொடரும். பட்டியலின் மேலே அதற்கான அறிவிப்பு இருக்கும். புதுத் தேடலைத் தொடங்கும் முன் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு தேடலின் வாசகத்தையும் தேதியையும் கிடைத்த எண்ணிக்கையையும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஆய்வு முறை அத்தியாயத்தில் அவற்றை அப்படியே எழுத வேண்டிவரும்.