அரிசியை விடுவதா, கீட்டோவா, பாலும் இல்லாத காய்கறிச் சாப்பாடா?

கேள்வி: வயது 34. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். நாலு வருஷமாக ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பை இறுக்கும் வாத நோய்), அதோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 மரபணு பாசிட்டிவ். காலையில் இடுப்பு இறுகி, சரளமாக நடக்க ஒரு மணி நேரம் ஆகிறது. வலி மாத்திரையும், முட்டி வீக்கத்துக்கு சல்ஃபாசலசீனும் எடுக்கிறேன். அரிசியை விட்டால் போதும் என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. துபாயில் இருக்கும் மச்சான் கீட்டோ (மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாடு) என்கிறார். யோகா மாஸ்டர் பாலைக்கூட நிறுத்தச் சொல்கிறார். எடை 56 கிலோதான். எதைப் பின்பற்றலாம்? மாத்திரையை நிறுத்த முடியுமா?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டு முறையை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் மாத்திரையோடு சேர்த்துத்தான். குறைப்பதைப் பற்றி உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

அரிசியை விடும் யோசனை லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆலன் எப்ரிங்கரிடமிருந்து வந்தது. பி27 மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது 1973இல் தெரிந்தது. குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்ற கிருமியின் புரதத்தில் ஒரு சின்னத் துண்டு பி27 போலவே இருக்கிறது. கிருமியைத் தாக்கக் கிளம்பும் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையும் தாக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. அந்தக் கிருமிக்குத் தீனி, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் மாவுச்சத்து. கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டை மாற்றியவர்களையும் மாற்றாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு எதுவும் இதை உறுதி செய்யவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சோறு ஆறினால் அதன் மாவில் ஒரு பங்கு செரிக்காத மாவாக மாறும். எப்ரிங்கர் கணக்குப்படி உங்கள் வீட்டுப் பழைய சோறு கிளெப்சியெல்லாவுக்கு விருந்து. தாவர உணவுக்காரர்கள் கணக்குப்படி அதே சோறு நல்ல கிருமிகளுக்குத் தீனி. அவை அதிலிருந்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற பொருள் குடல் அழற்சியைத் தணிக்கும். ஒரே கஞ்சி ஒருவருக்கு விஷம், இன்னொருவருக்கு மருந்து! ஆகவே ‘இது ஒன்றே வழி’ என்று அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

கீட்டோ உங்களுக்கு வேண்டாம். 1921இல் வலிப்பு நோய்க்காக வந்த முறை அது. கொழுப்பு எரியும்போது உடம்பில் உண்டாகும் கீட்டோன் அழற்சியின் ஒரு பாதையை அடைப்பதை 2015இல் எலிகளில் காட்டினார்கள். உங்கள் நோய்க்கு அதுவே ஆதாரம் ஆகிவிடாது. 56 கிலோ ஆள் இன்னும் இளைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? நம் பக்கம் கீட்டோ என்றால் தேங்காய் எண்ணெயும் நெய்யும்தான் கூடும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் ஏற்கெனவே கூடுதல். கீட்டோவில் சிறுநீரகக் கல்லும் வரலாம். தினமும் வலி மாத்திரை போடுகிறவர் சிறுநீரகத்துக்கு மேலும் வேலை வைக்கக் கூடாது.

தாவர உணவுக்குத்தான் ஓரளவு நல்ல ஆய்வுகள் உண்டு. 1991இல் நார்வேயில் 53 பேரை வைத்து நடந்தது ஒன்று. 2023இல் நெதர்லாந்தில் 16 வாரம் நடந்தது இன்னொன்று. இரண்டிலும் மூட்டு வலி குறைந்தது. ஆனால் இரண்டுமே முடக்குவாதக்காரர்களிடம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உங்கள் நோய் அல்ல) நடந்தவை. நெதர்லாந்தில் உடற்பயிற்சியும் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள். முழுக்கத் தாவர உணவுக்குப் போனால் பி12 மாத்திரை கட்டாயம். சல்ஃபாசலசீன் ஃபோலிக் அமிலம் உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது: கீரை, காய், பயறு, நிலக்கடலை அதிகம், மட்ட அரிசி (கேரளச் சிவப்பு அரிசி) அளவோடு, வாரம் இரண்டு மூன்று நாள் மத்தி அல்லது அயிலை, பொரிக்காமல் குழம்பாக. மீன் எண்ணெய் முடக்குவாத வலியைக் கொஞ்சம் குறைப்பது தெரிந்த விஷயம். ஆய்வில் கொடுத்த அளவு நாளுக்கு 3 கிராம் ஒமேகா-3. மத்திக் குழம்பில் அவ்வளவு வராது. இருந்தாலும் இதயத்துக்கு நல்லது.

அரிசியை விட்டுப் பார்க்கும் ஆசை விடவில்லை என்றால் ஆறு வாரம் பாருங்கள். புட்டு, தோசை, கப்பக்கிழங்கு, நேந்திரங்காய், பயறு வகை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்; முட்டை, மீன், தயிர், கீரை, புடலை, வெள்ளரி, நன்றாகப் பழுத்த பழங்கள் சாப்பிடலாம். சந்தேகமான பண்டத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால், மாவு இருந்தால் கருநீலமாகும் (அந்தத் துண்டைச் சாப்பிடாதீர்கள்). தொடங்கும் முன் சி.ஆர்.பி. (அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள், தினமும் காலை இறுக்கம் எத்தனை நிமிடம், எத்தனை வலி மாத்திரை என்று நோட்டில் எழுதுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி சி.ஆர்.பி. அப்புறம் இரண்டு வாரம் சோறு சாப்பிடுங்கள். இறுக்கம் கூடினால் உங்கள் உடம்புக்கு அதில் விஷயம் இருக்கிறது. மாற்றமே இல்லை என்றால் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடலாம். நடுவில் எடை இரண்டு கிலோ இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சித்தூர் கள் பக்கத்திலேயே கிடைக்கிற ஊர் என்பதால் சொல்கிறேன்: வலி மாத்திரையோடு கள் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் வரலாம். பீடி, சிகரெட் இருந்தால் விடுங்கள்; இந்த நோயில் முதுகெலும்பு சீக்கிரம் இறுக அதுவும் காரணம். தினசரி உடற்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் மேலே சொன்ன மூன்று சாப்பாட்டு முறைகளுக்கும் இல்லை. கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய், உங்களுக்கு பி27 இருப்பதையும் சொல்லுங்கள்.