பிரிட்டன் பிரிந்தது சரியா? பெரியமேடு முதல் காசிமேடு வரை வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது பற்றித்தான். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் ஏறி இறங்கி முப்பது வருடம் ஏற்றுமதிப் பேப்பர் பார்த்தவன் நான். தெரிந்தவரை சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். அவர்கள் செய்தது சரியா, தப்பா? (மயிலாப்பூர் வாசகர்)

தப்பு என்றுதான் நினைக்கிறேன். பிரிட்டனின் அரசு நிதியைச் சுயேச்சையாகக் கணிக்கும் ஓ.பி.ஆர். என்ற அமைப்பு, ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறைந்திருக்கும் என்கிறது.

ஆனால் 2016 ஜூன் 23 அன்று வெளியேறலாம் என்று ஓட்டுப் போட்ட 51.9 சதவீதம் பேரை நான் ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன். நம் சட்டத்தை நம் பார்லிமென்ட்தான் எழுத வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு என்ன விலை என்று சொல்லாமல் ஓட்டுக் கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை. வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது என்று ஒரு பஸ்ஸில் எழுதிப் பிரசாரம் செய்தார்கள். பிரிட்டன் கட்டும் பணத்தில் ஒன்றியம் தந்த தள்ளுபடியையும், திரும்பி வந்த மானியத்தையும் கழிக்காத தொகை அது. மக்களைத் தவறாக நினைக்கவைக்கும் எண் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே அப்போது கண்டித்தது.

சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை இரண்டும் ஒன்றுதானே? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, அண்ணா நகர்)

இல்லையம்மா. எளாவூர் செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை ஆந்திராவிலிருந்து வரும் லாரி, வணிகவரிப் பேப்பர் காட்ட அங்கே காத்துக் கிடக்கும். துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுச் சரக்குக்கு நாடு முழுக்க ஒரே சுங்கவரிதான். ஆனாலும் நாட்டுக்குள்ளேயே லாரி நின்றது. வெளியாருக்கு ஒரே வரி, நமக்குள் சுங்கம் கிடையாது என்பதோடு நிற்பது சுங்க ஒன்றியம். லாரி எங்குமே நிற்கக் கூடாது என்றால் தரம், லேபிள், பரிசோதனை, ஆட்கள் வந்துபோவது என எல்லாவற்றுக்கும் பொது விதி வேண்டும். அது ஒற்றைச் சந்தை.

துருக்கி முதலாவதில் மட்டும் இருக்கிறது. பல்கேரிய எல்லையில் அதன் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசைகட்டுவது உண்டு. நார்வே இரண்டாவதில் மட்டும். பிரிட்டன் கடைசியில் இரண்டையும் விட்டது. ஆனால் வாக்குச்சீட்டில் இந்த வேறுபாடு எதுவும் இல்லை. இருப்பதா, வெளியேறுவதா என்று மட்டும் கேட்டார்கள். நார்வே மாதிரி இருக்கலாம் என்று நினைத்தவர் ஓட்டும், எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்றவர் ஓட்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. பின்னால் வந்த சண்டை முழுக்க அதில் பிறந்ததுதான்.

எங்கள் ஷூ முன்பெல்லாம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் இங்கிலாந்துக்குப் போகும். இப்போது பையர் தனித்தனி ஷிப்மென்ட் கேட்கிறார். ஏன்? (தோல் ஏற்றுமதியாளர், பெரியமேடு)

உங்கள் பையர் கணக்குத் தெரிந்தவர். 2020 டிசம்பர் 31 வரை ராட்டர்டாமில் ஒருமுறை வரி கட்டினால் போதும், சரக்கு ஸ்பெயினுக்கும் போகும், ஸ்காட்லாந்துக்கும் போகும். மறுநாளிலிருந்து அது இல்லை.

ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வரி பூஜ்ஜியம்தானே என்று கேட்பீர்கள். அந்தப் பூஜ்ஜியம் அந்த இரண்டு இடத்தில் உற்பத்தியான சரக்குக்கு மட்டும். ஆம்பூரில் தைத்த ஷூ ராட்டர்டாமில் ஆறு மாதம் கிடந்தாலும் ஆம்பூர் ஷூதான். ஐரோப்பிய வரி கட்டி வெளியே எடுத்தபின் லண்டனுக்கு அனுப்பினால், அங்கே இன்னொரு வரி விழும். வரி கட்டாமல் சரக்கை வைக்கும் சுங்கக் கிடங்கான பாண்டட் வேர்ஹவுஸில் வைத்தபடியே அனுப்பினால் தப்பலாம். அதற்குத் தனிப் பேப்பர், தனிச் செலவு. அதைவிடச் சென்னையிலேயே பிரித்து ஏற்றுவது அவருக்கு லாபம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதியை பிரிட்டனும் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. ஆனால் சட்டப் புத்தகம் இப்போது இரண்டு. ஒரு பக்கம் விதியை மாற்றினால் மறுபக்கம் தானாக மாறாது. பெரிய கம்பெனி இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். இருபது பேர் வேலை செய்யும் பட்டறை என்ன செய்யும் என்பதுதான் என் கவலை.

பிரிந்ததால் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், 16 சதவீதம் வரை இருந்த தோல், காலணி வரியை நீக்க வழிசெய்கிறது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் தனியாக இப்படிப் பேசியிருக்கவே முடியாது. சலுகை தானாக வராது. இந்தியாவில் உற்பத்தியானது என்ற சான்று சரியாக இருந்தால்தான்.

மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். அங்கே நம்மவர்களுக்கு இடம் கூடியிருக்கிறது என்கிறார்களே? (வேளச்சேரி வாசகி)

கூடியது உண்மை. 2021 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே விசா விதி. 2023 ஜூன் வரையான ஓராண்டில் வந்தவர்கள், போனவர்களைவிட 9 லட்சம் பேர் அதிகம். வருகையைக் குறைக்கத்தான் பலர் வெளியேற ஓட்டுப் போட்டார்கள் என்பதால், அங்கே கோபம் கிளம்பி விதிகளை இறுக்கிவிட்டார்கள். பதிவு பெற்ற நர்ஸ் வேறு, பராமரிப்புப் பணியாளர் வேறு. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள் அம்மா.

பிரிந்ததால் பிரிட்டனுக்கு மீன்பிடி உரிமை கிடைத்ததா? (காசிமேடு)

கொஞ்சம். பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கு இருந்த பங்கில் நாலில் ஒரு பங்கு பிரிட்டனுக்கு மாறியது. ஆனால் அவர்கள் பிடிக்கும் மீனில் பெரும்பகுதிக்குச் சந்தையே ஐரோப்பாதான், அங்கே அனுப்ப இப்போது சுகாதாரச் சான்று வேண்டும். 2025 மே மாதத்தில், ஐரோப்பியப் படகுகள் 2038 வரை வரலாம் என்று ஒப்புக்கொண்டும் விட்டார்கள்.

சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்துதானே முன்னேறியது? (தாம்பரம் வாசகர்)

சிங்கப்பூர் தானாகப் பிரியவில்லை, விலக்கப்பட்டது. 1965 ஆகஸ்ட் 9 அன்று அதை அறிவித்தபோது சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்கலங்கினார். மலேசியாவோடு பொதுச் சந்தை வேண்டும் என்று கேட்டவர் அவர். பிரிந்த இரண்டே வருடத்தில், 1967-ல், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் உண்டு. மலேசியாவின் ஜோகூர் ஆற்றுத் தண்ணீர் இன்றும் சிங்கப்பூருக்கு 1962 ஒப்பந்தப்படி வருகிறது. 2061 வரை வரும். தண்ணீருக்குப் பக்கத்து மாநிலத்தை நம்பியிருப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிட்டனுக்கு அயர்லாந்து அப்படி. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, அதை ஒட்டிய அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கும் தனி நாடு. வட அயர்லாந்து வன்முறையை முடித்துவைத்த 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அந்த 500 கிலோமீட்டர் எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி போட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் சோதனையைக் கடலுக்கு நகர்த்தினார்கள்: ஒரே நாட்டின் இரண்டு பகுதிகளான பிரிட்டன் தீவுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே. ஒன்றியத்தோடு செய்துகொண்ட 2023 விண்ட்சர் ஏற்பாடு அதைத் தணித்தது, நீக்கவில்லை.

மறுபடி சேர முடியுமா? (ராயபுரம்)

முடியும், 27 நாடுகளும் சம்மதித்தால். 1984-ல் வாங்கிய தள்ளுபடியும், யூரோ வேண்டாம் என்ற விலக்கும் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கிரீன்லாந்து அன்றைய ஐரோப்பியச் சமூகத்திலிருந்து 1982-ல் வெளியேற வாக்களித்து 1985-ல் வெளியேறியது. அவர்கள் பேச வேண்டியிருந்தது பெரும்பாலும் மீன் ஒன்றைப் பற்றித்தான், அதற்கே மூன்று வருடம். ஆகவே பிரிட்டன் மறுபடி மக்களைக் கேட்பதானால், முதலில் பேசி முடித்து, ஷரத்துகளை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, அதன்பின் தேதி குறிக்கட்டும்.