லைனை நிறுத்தியது தப்பா?

கேள்வி:
அன்புள்ள அம்மா, எனக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். டிப்ளமோ இ.சி.இ. முடித்துவிட்டு, புதுச்சேரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். கார்களுக்குப் போகும் காயில்களை (கம்பிச் சுருள்களை) மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அனுப்புவது என் வேலை. இரண்டு மாதம் முன்பு ஒரு மெஷினிலிருந்து வந்த காயில்களில் கம்பியின் எனாமல் (மின்சாரம் கசியாமல் காக்கும் பூச்சு) மேல் மெல்லிய கீறல் தெரிந்தது. மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டியது. இருந்தாலும் சொன்னேன். லைன் இரண்டு மணி நேரம் நின்றுபோனது. வெளிநாட்டு மேனேஜர் எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். ஆனால் லைன் லீடர் அண்ணன், "நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்ட, டார்கெட்டை யாரு குடுக்கறது?" என்றார். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த மாதம் அப்ரைசல். "மூன்று வருடத்தில் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் "நன்றாக வேலை செய்வேன்" என்றுதான் எழுதுகிறேன். இங்கிலீஷில் பேசச் சொன்னால் தொண்டை அடைக்கிறது. நான் லைனை நிறுத்தியது தப்பா? இங்கே எனக்கு வளர்ச்சி உண்டா?
(பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்)

பதில்:
என் மகள் வயது உனக்கு. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

தப்பில்லை. மனதைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, வேலை தெரிந்தவளாகச் சொல்கிறேன். எல்.சி.ஆர். மீட்டர் காயிலில் அளப்பது இண்டக்டன்ஸை, அதாவது அதன் மின்தூண்டல் அளவை. சுற்றுகளின் எண்ணிக்கை சரியாக இருந்து, காயிலின் நடுவே இருக்கும் ஃபெரைட் கோரில் விரிசலும் இல்லையென்றால், அது நல்ல பீஸ் என்றுதான் காட்டும். எனாமல் கீறியிருப்பது அதற்குத் தெரியாது. அதிக வோல்டேஜ் கொடுத்துப் பார்க்கும் ஹை-பாட் டெஸ்ட்டும் ஒரு வைண்டிங்குக்கும் (கம்பிச் சுற்றுக்கும்) இன்னொன்றுக்கும் இடையே, இல்லாவிட்டால் வைண்டிங்குக்கும் கோருக்கும் இடையே உள்ள காப்பைத்தான் சோதிக்கும். ஒட்டிக் கிடக்கும் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய எனாமல் அதில் மாட்டாது. அந்தக் காயில் காருக்குள் போய், சூட்டிலும் அதிர்விலும் சில மாதம் கிடந்தபின், கீறிய இரண்டு இடங்கள் ஒன்றையொன்று தொட்டால் போதும். அந்த ஒரு சுற்று ஷார்ட் ஆகிவிடும், இண்டக்டன்ஸ் சடாரென்று இறங்கும், காயில் சூடேறும். அப்போது அந்தக் கார் எந்த ஊர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்குமோ, உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்களோ. மீட்டருக்குத் தெரியாத ஒன்றை உன் கண் பிடித்திருக்கிறது, வாயும் திறந்து சொல்லியிருக்கிறாய்.

நான் ஒரு தடவை வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் சர்க்யூட் போர்டு அசெம்பிளியில் இருந்தேன். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இரண்டு போர்டுகளில் டாண்டலம் கெபாசிட்டர் தலைகீழாக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிளஸ், மைனஸ் முனைகள் உண்டு, தலைகீழாக வைத்தால் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். முந்தின நாள்தான் சூப்பர்வைசர் ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். அந்தப் பயத்தில் என் கையில் இருந்த இரண்டை மட்டும் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதே லாட்டில் (ஒன்றாகச் செய்த தொகுதியில்) மற்ற போர்டுகள் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து போர்டுகள் திரும்பி வந்தன. பழி, கெபாசிட்டர் வைக்கும் இடத்தில் இருந்த வேறொரு பெண் மேல் விழுந்தது. அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் அன்றும் பேசவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அவள் முகம் எனக்கு நினைவிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் வந்தது பாராட்டு இல்லை, நிம்மதிதான்.

பயம் இருக்கும் இடத்தில் குறை வெளியே வராது. இதை எட்வர்ட்ஸ் டெமிங் எத்தனையோ வருடம் முன்பே சொல்லிவிட்டார். 1950-இல் ஜப்பான் பொறியாளர்களுக்குத் தரக்கட்டுப்பாடு கற்றுக்கொடுத்த அமெரிக்கர் அவர். நிர்வாகத்துக்கு அவர் வகுத்த பதினான்கு கொள்கைகளில் ஒன்று, பயத்தை விரட்டு என்பது. அவர் பெயரில் ஜப்பானில் கொடுக்கப்படும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, 1998-இல். வெளிநாட்டிலிருந்து வந்தது, நம் ஆட்களுக்குச் சரிப்படாது என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

சரி, லைன் லீடர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று லைன் முன்னால் ஒரு போர்டு தொங்குமே, அதில் சிவப்பு விழுந்தால் சாயங்கால மீட்டிங்கில் பதில் சொல்லப்போவது அவர்தான். மேனேஜர் உனக்குக் கை கொடுத்தார், நல்லது. ஆனால் நின்றுபோன இரண்டு மணி நேரத்தை அன்றைய டார்கெட்டிலிருந்து கழித்தார்களா? கழிக்காமல் விட்டிருந்தால், உனக்குக் கிடைத்த பாராட்டின் செலவு முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். ஒரு கம்பெனியின் பண்பாட்டை நான் பார்ப்பது சுவரில் ஒட்டிய போஸ்டரில் இல்லை, இந்தக் கணக்கில். தரத்துக்காக நின்ற நேரத்தைத் தனியாக எழுதினால் லைன் லீடரே அடுத்த தடவை நிறுத்தச் சொல்வார். உற்பத்திக் குறைவு என்று அவர் பெயரில் எழுதினால், எத்தனை வகுப்பு எடுத்தாலும் கீறல்கள் மூடித்தான் வைக்கப்படும். இது நிர்வாகம் சரி செய்ய வேண்டிய விஷயம், உன் வேலை இல்லை. ஆனால் உனக்கும் அவருக்கும் நடுவே விழுந்திருக்கும் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நீ தெரிந்துகொண்டால் அவரிடம் பேசுவது சுலபமாக இருக்கும்.

பேசு. கேன்டீனில் நாலு பேர் நடுவே வேண்டாம், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகும் முன்பு பேசு. மன்னிப்புக் கேட்காதே, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. "அண்ணே, அன்னைக்கு லைன் நின்னதுல உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். அடுத்த தடவை சந்தேகம் வந்தா முதல்ல உங்ககிட்டதான் பீஸை எடுத்துட்டு வருவேன், நீங்களே குவாலிட்டியைக் கூப்பிடுங்க." இவ்வளவு போதும். பல பேருக்கு இதிலேயே மனசு இறங்கிவிடும். அப்படியும் ஒரு நாள் அவர் "விட்டுடு, போகட்டும்" என்று சொன்னால், விடாதே. பீஸையும் லாட் நம்பரையும் எடுத்துக்கொண்டு நேராகக் குவாலிட்டிக்குப் போ.

அப்புறம் அந்தப் படிவம். "நன்றாக வேலை செய்வேன்" என்பதைப் படிக்கிறவருக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. உங்கள் லைனில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு சார்ட் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் நாலாகப் பிரித்த வட்டங்கள் இருக்கும். கால் வட்டம் நிறைந்திருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறாள், அரை என்றால் மேற்பார்வையில் செய்வாள், முக்கால் என்றால் தனியாகச் செய்வாள், முழு வட்டம் என்றால் மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பாள். கம்பெனிக்குக் கம்பெனி அடையாளம் கொஞ்சம் மாறலாம். நாளைக்குப் போனதும் உன் பெயருக்கு நேராக எந்த வட்டம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார். இன்ஸ்பெக்ஷனில் முழு வட்டம் இருந்து, மற்றதெல்லாம் காலியாக இருந்தால், உன் நான்கு வருடமும் ஒரே நாற்காலியில் போயிருக்கிறது.

பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். காருக்குப் பாகம் கொடுக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தரச்சான்று வைத்திருக்கும். அதில் வேலைக்கு வேண்டிய திறமை என்ன, யாருக்கு அது இருக்கிறது, இல்லாதவருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்பதெல்லாம் ஆடிட்டில் கேட்கப்படும். நீ கேட்கும் பயிற்சி அவர்கள் போடும் தயவு அல்ல, அவர்கள் காட்ட வேண்டிய கணக்கு.

என்ன கேட்பது? என் அபிப்பிராயத்தில், கீறல் தெரியும் இடத்திலிருந்து கீறல் பிறக்கும் இடத்துக்கு நீ நகர வேண்டும். கம்பியைச் சுற்றும் வைண்டிங் மெஷினின் செட்டிங் கேள். கம்பி ஸ்பூலிலிருந்து டென்ஷனர் (கம்பியின் இழுவிசையைச் சரியாக வைப்பது), புல்லி, நாசில் வழியாக, காயில் சுற்றப்படும் பாபினுக்கு வரும் பாதை முழுவதையும் உன் கையால் கோர்த்துப் பழக வேண்டும் என்று எழுது. மைக்ரோஸ்கோப்பில் ஆயிரக்கணக்கில் கீறல் பார்த்த கண்ணோடு அந்தப் பாதையைப் பார்ப்பவள், மெஷினில் மட்டும் வளர்ந்த ஆளுக்குத் தெரியாததைப் பார்ப்பாள். படிவத்தில் இப்படி எழுதலாம்: "முதல் வருடம் வைண்டிங் செட்டிங் கற்க விரும்புகிறேன். அதற்குப் பிறகு, குறைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் குழுவில் சேர விரும்புகிறேன். மூன்றாவது வருடம் புதிதாக வருபவர்களுக்கு இன்ஸ்பெக்ஷன் கற்றுத்தர விரும்புகிறேன்." மேலே, இந்த வருடம் செய்தது என்ற இடத்தில், அந்த நாள், லாட் நம்பர், எத்தனை பீஸில் கீறல் இருந்தது, எத்தனை பீஸ் வெளியே போகாமல் நின்றது என்று எண்ணோடு போடு. கை கொடுத்தது எல்லாருக்கும் சீக்கிரம் மறந்துபோகும். எழுதிய எண் ஃபைலில் கிடக்கும்.

இங்கிலீஷுக்காகத் தொண்டை அடைக்க வேண்டாம். உன் மேனேஜருக்கும் அது படித்து வந்த மொழியாக இருக்கலாம். தொழிற்சாலையில் வேண்டியது இலக்கணம் இல்லை. என்ன குறை, எங்கே, எப்போதிலிருந்து, எத்தனை பீஸ்: இந்த நான்குக்கும் நான்கு சின்ன வாக்கியங்கள் போதும். முதலில் தமிழில் எழுதிக்கொள், தெரிந்த தோழியிடம் கொடுத்து மாற்றிக்கொள், கையில் பீஸையும் போட்டோவையும் வைத்துக்கொண்டு பேசு. கம்பெனி பஸ்ஸில் முள்ளோடை தாண்டுவதற்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம். அப்ரைசலில் தமிழில் பேசி, ஹெச்.ஆர். ஒருவர் மொழிபெயர்க்கட்டும் என்று கேட்கவும் உனக்கு உரிமை உண்டு. அதனால் யாரும் உன்னைக் குறைத்து நினைக்கப்போவதில்லை.

படிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். ஆனால் முழுநேரமாகப் படித்தால் வேலையை விட வேண்டியிருக்கும். மெஷின் பக்கம் ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு அதை முடிவு செய். அந்த ஒரு வருடத்தில் உன் வட்டங்களில் ஒன்றுகூட நிறையவில்லை என்றால், அப்போது வேறு இடம் தேடத் தயங்காதே. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒசூரிலும் உன் மாதிரி கண்ணுக்கு வேலை இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் உன் கடிதத்தில் இல்லை. அந்தக் கீறல் எதனால் வந்தது? கண்டுபிடித்தார்களா? உன்னிடம் வந்து யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை என்றால், அப்ரைசல் மேஜையில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், சம்பளம் அப்புறம். குறையைச் சொன்னவளிடம் திரும்பி வந்து காரணத்தையும் சொல்கிற இடத்தில் நீ வளரலாம். தெரிந்ததும் எனக்கும் எழுது. நாசில் தேய்ந்திருந்ததா, புல்லியில் கோளாறா, இல்லை ஸ்பூலிலேயே அப்படி வந்ததா என்று எனக்கும் தெரிய வேண்டும்.