எஸ் வரிசையில் இரண்டு பகையாளிகள்

கேள்வி: பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு இந்த வருடம்தான் பொறுப்பேற்றேன். எல்லா பாட்டில்களும் ஒரே இரும்பு அலமாரியில் ஆங்கில எழுத்து வரிசைப்படி இருக்கின்றன. தேடுவதற்கு வசதியாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். எஸ் வரிசையைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியம் இருக்கும். சில பாட்டில்கள் தள்ளி சல்பியூரிக் அமிலம். எச் வரிசையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒட்டி நிற்கும். இரண்டும் உடைந்து கலந்தால் குளோரின் கிளம்பும். ஏ வரிசையில் அசிட்டோனும் அம்மோனியம் நைட்ரேட்டும். எழுத்துக்குத் தெரியுமா யாருக்கு யார் ஆகாது என்று?

முதலில் குணத்தைப் பார்த்துப் பிரியுங்கள்: எரிபவை, ஆக்சிஜனேற்றிகள் (மற்றவை எரிவதைத் தூண்டிவிடுபவை), அமிலங்கள், காரங்கள், தண்ணீர் பட்டால் தீப்பிடிப்பவை, நஞ்சுகள். அப்புறம் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் எழுத்து வரிசையை வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது!

அமிலம் என்றால் எல்லாம் ஒரே தட்டு என்றுதான் நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். அது தப்பு. நைட்ரிக் அமிலம் கடுமையான ஆக்சிஜனேற்றி. கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலமோ 39 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெயரில் இரண்டும் அமிலம், சேர்ந்தால் விபரீதம். நைட்ரிக்குக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுங்கள். பாட்டில் உடைந்தாலும் அதிலேயே தேங்கும்.

இன்னொன்று. எங்கள் அலமாரியில் பாட்டில்கள் மேல் வெள்ளையாகப் பொடி படியும். சாக்பீஸ் தூசி என்று வருடக்கணக்கில் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள்தான் உறைத்தது: மேல் தட்டில் அம்மோனியா, கீழ் தட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டின் ஆவியும் சந்தித்து அம்மோனியம் குளோரைடாகப் படிகிறது! மாணவர்களுக்கு நானே செய்துகாட்டும் சோதனைதான், அலமாரிக்குள் நடந்தபோது தெரியவில்லை. உங்கள் அலமாரியிலும் அந்த வெள்ளை இருந்தால், மூடிகள் ஆவியைக் கசிய விடுகின்றன என்று அர்த்தம். இரும்புத் தட்டுகள் துருப்பிடிப்பதும் அதனால்தான்.

திரவ அமிலம் எதையும் கண் மட்டத்துக்கு மேலே வைக்காதீர்கள். எட்டி எடுக்கும்போது கை நழுவினால் அது முகத்தில்தான் கொட்டும்.

கேள்வி: ஈத்தர் பாட்டிலை ஆசிரியர் அறை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? வெயிலுக்கு பயமாக இருக்கிறது.

பதில்: கூடவே கூடாது. டைஎத்தில் ஈத்தர் மைனஸ் 45 டிகிரி செல்சியஸிலேயே, பொறி பட்டால் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஃபிரிட்ஜ் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூடி லேசாகக் கசிந்தாலும் ஆவி உள்ளே நிறையும். கதவு விளக்கின் சுவிட்சிலோ தெர்மோஸ்டாட்டிலோ எழும் ஒரு பொறி போதும். உணவு வைக்கும் ஃபிரிட்ஜில் ரசாயனம் போகவே கூடாது என்பது தனிக் கதை.

காற்றும் வெளிச்சமும் படும் ஈத்தரில் பெராக்சைடு உருவாகும், அது வெடிக்கும். அதனால் பாட்டிலைத் திறந்த தேதியை மேலே எழுதி, நெருப்பும் வெயிலும் அண்டாத, எரிபவைக்கான அலமாரியில் வையுங்கள். எப்போது திறந்தது என்றே தெரியாத பழைய பாட்டிலா? மூடியைச் சுற்றிப் படிகம் தெரிகிறதா? திறக்கவோ நகர்த்தவோ வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு, ரசாயனக் கழிவுகளை அகற்றுகிறவர்களைக் கூப்பிடச் சொல்லி தலைமையாசிரியரிடம் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.