கூட நிற்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்கு ஒருவர் வந்து, சண்டை நடக்கும் ஊர்களுக்கு ஆயுதம் இல்லாமல் போய் மக்களோடு தங்கும் கிறிஸ்தவச் சமாதானக் குழுவைப் பற்றிப் பேசினார். பாலஸ்தீனத்தின் ஹெப்ரோன், கொலம்பியா, ஈராக் என்று படம் போட்டுக் காட்டினார். பாக்தாத்தில் கடத்திக் கொல்லப்பட்ட அந்தக் குழுவின் டாம் ஃபாக்ஸைப் பற்றிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் போக வேண்டும் என்று அன்றிரவே தீர்மானித்தேன்.

என்னோடு படித்த நண்பன் ஒருவனின் குடும்பம் இங்கே அகதிகள் முகாமில் இருக்கிறது. அவனிடம் சொன்னேன். “எங்க சனம் முள்ளிவாய்க்கால்ல செத்துக்கிட்டிருந்தப்ப இவங்கல்லாம் எங்க போனாங்க?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளைத்தோலும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் இருப்பதால்தானே இவர்களால் இதைச் செய்ய முடிகிறது? ஃபாக்ஸோடு கடத்தப்பட்ட மற்ற மூன்று பேரையும் கடைசியில் ராணுவம்தானே மீட்டது? அம்மா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் போகலாமா, ஐயா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வர முடியும்.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு, வன்னியில் இருக்கும் ஐ.நா. ஊழியர்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று சொன்னது. சில நாட்களில் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியிலிருந்து கிளம்பிவிட்டன. அப்போது ஐ.நா. அலுவலக வாசலில் சனம் திரண்டு நின்று, போகாதீர்கள் என்று மன்றாடியது. அவர்களிடம் துப்பாக்கி கிடையாது, செல்லடியைத் தடுக்க அவர்களால் ஆகாது என்று அந்த மக்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வெளியார் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் நடப்பது வேறு, யாருமே பார்க்காத ஊரில் நடப்பது வேறு என்பதும் தெரியும். தாக்கத் தீர்மானித்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் முதலில் சாட்சிகள் வெளியேற்றப்பட்டார்கள். சார்லஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. தனக்குத்தானே நடத்திய ஆய்வு, 2012இல், அந்த மாதங்களில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தைக் கடுமையான தோல்வி என்றே எழுதியது. ஆயுதமில்லாத ஆள் ஒருவர் கூட இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் வன்னியைத்தான் காட்டுவேன்.

எல்லோரும் போய்விடவுமில்லை. குருக்களும் கன்னியாஸ்திரிகளும் கடைசிவரை அந்த மக்களோடு பதுங்குகுழிகளில் இருந்தார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு தானும் போனார். அவர்களோடு சேர்ந்து அவரும் காணாமல் ஆக்கப்பட்டார். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ யாரும் அவரைச் சமாதானக் குழு உறுப்பினராகப் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பணியின் உச்சம் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் பெயரை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இனி, இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் கூட்டத்தில் காட்டிய படங்களில் தியாகம் தெரிந்திருக்கும், அன்றாடம் தெரிந்திருக்காது. ஹெப்ரோனுக்குத் தெற்கே உள்ள மலைகளில் அத்-துவானி என்று ஒரு சிற்றூர். பக்கத்துக் குக்கிராமமான தூபாவின் பிள்ளைகள் அங்கேதான் பள்ளிக்கு வர வேண்டும். குறுக்கு வழி, மாஓன் என்ற யூதக் குடியேற்றத்துக்கும் அதை ஒட்டி முளைத்த இன்னொரு குடியிருப்புக்கும் நடுவே போகிறது. அந்த வழியில் பிள்ளைகளைக் கல்லால் அடித்தார்கள், துரத்தினார்கள். 2004இல் கிறிஸ்தவச் சமாதானக் குழுவினரும் இத்தாலியக் கத்தோலிக்கர்களின் குழு ஒன்றும் பிள்ளைகளுடன் நடக்கத் தொடங்கினார்கள். அந்த செப்டம்பரில் முகமூடி போட்டவர்கள் வந்து, கூட நடந்த இருவரைச் சங்கிலியாலும் கட்டையாலும் அடித்தார்கள். ஒருவருக்கு நுரையீரலில் காயம், இன்னொருவருக்குக் கை முறிவு. அடிபட்டவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் செய்தி பரவியது. இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் குழந்தைகள் நலக் குழு தலையிட்டது. தினமும் ராணுவ ஜீப் ஒன்று பிள்ளைகளுக்குத் துணையாக வர வேண்டும் என்று ஏற்பாடானது.

அதற்குப் பிறகு அந்தக் குழுவினர் செய்ததுதான் எனக்கு முக்கியம். காலையில் மேட்டில் போய் நின்றார்கள். ஜீப் எத்தனை மணிக்கு வந்தது, சிப்பாய்கள் பிள்ளைகளோடு கடைசிவரை வந்தார்களா, பாதியில் திரும்பினார்களா என்று நோட்டில் குறித்தார்கள். ஜீப் வரவில்லை என்றால் ராணுவ அலுவலகத்துக்கு போன் அடித்து, வரும்வரை விடாமல் கேட்டார்கள். இதை வருஷக்கணக்கில் செய்தார்கள். வெயில், பனி, நோட்டு, போன். இதில் சாகசம் எதுவும் இல்லை. உங்களால் இதைச் செய்ய முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். அடிபட்டவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருந்திருந்தால் நாடாளுமன்றக் குழு கூடியிருக்காது. ஓர் அநீதியைத் தடுக்க இன்னொரு அநீதியைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்வது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பாஸ்போர்ட்டும் ஓரளவுக்குத்தான். அமெரிக்க யேசுசபைக் குருவான யூஜின் ஹேபர்ட் அடிகள் மட்டக்களப்பில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். 1990 ஆகஸ்டில் காணாமல் போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை. செய்கிற குற்றம் வெளியே தெரிந்தால் தனக்கு நஷ்டம் என்று பயப்படுகிறவனிடம்தான் இந்த முறை செல்லும். பயம் இல்லாதவனிடம் செல்லாது. இதை மறைத்துவிட்டு வாலிபர்களைக் கூப்பிடுவது பாவம்.

இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்றும் நினைக்க வேண்டாம். சாந்தி சேனை என்ற ஆயுதமில்லாத அமைதிப் படை காந்தியின் எண்ணம். 1957இல் வினோபா அதற்கு உருவம் கொடுத்தார். அதை நடத்திய நாராயண் தேசாய், 1981இல், ஆபத்தில் இருப்பவர்களுக்கு ஆயுதமில்லாமல் துணை நிற்கும் சர்வதேச அமைதிப் படையணி (Peace Brigades International) தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவர். அந்த அமைப்பு 1989 முதல் 1998 வரை இலங்கையில் இருந்தது. 1964இல் நாகாலாந்தின் பாப்டிஸ்ட் சபைகள் முன்கை எடுத்து, ஜெயப்பிரகாஷ் நாராயணையும் அஸ்ஸாம் முதல்வர் சாலிஹாவையும் ஆங்கிலிக்கன் குருவான மைக்கேல் ஸ்காட்டையும் நடுவர்களாக அழைத்தன. அந்த செப்டம்பரில் இந்திய ராணுவத்துக்கும் நாகா போராளிகளுக்கும் நடுவே துப்பாக்கிகள் ஓய்ந்தன. பேச்சுவார்த்தை பின்னால் முறிந்துபோனாலும், பல வருஷம் வெடிச்சத்தத்தில் வாழ்ந்த கிராமங்களுக்கு அந்த அமைதி எவ்வளவு பெரிது! போரில் ஆயுதம் எடுக்க மறுக்கும் மெனோனைட் சபையினரின் உலக மாநாட்டில் ரான் சைடர், சமாதானத்துக்காகச் சாகவும் தயாரா என்று தன் சபையாரைக் கேட்டது அதற்கு 20 வருஷம் கழித்து, 1984இல். அந்தப் பேச்சிலிருந்துதான் நீங்கள் கேள்விப்பட்ட குழு 1986இல் பிறந்தது. 2022இல் அது பெயரிலிருந்து ‘கிறிஸ்தவ’ என்பதை எடுத்துவிட்டது. அதன் ஆட்களில் இன்று பாலஸ்தீனர்களும் கொலம்பியர்களும் குர்துகளும் உண்டு. மதம் மாற்றும் வேலை அதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

டாம் ஃபாக்ஸ் குவேக்கர், போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் இசைக்குழுவில் 20 வருஷம் கிளாரினெட் வாசித்தவர். சமாதானக் குழு 2002 அக்டோபரிலேயே, போருக்கு முன்பே, பாக்தாத் போய்விட்டது. அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு, படையினர் பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடும் தாய்மார்கள் அவர்களிடம் வந்தார்கள். ஒவ்வொருவரின் கதையையும் கேட்டு எழுதி, 2004 ஜனவரியில் 72 கைதிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்த படங்கள் உலகத்துக்குத் தெரிந்தது அந்த ஏப்ரல் கடைசியில்தான். 2005 நவம்பர் 26 அன்று ஃபாக்ஸும் மூவரும் கடத்தப்பட்டார்கள். மூவரில் ஹர்மீத் சிங் சூடன் இந்திய வம்சாவளி. அவர்களை விடச் சொல்லிப் பாலஸ்தீன முஸ்லிம்கள் தெருவில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் சிறையில் இருந்த தீவிரவாத மதபோதகர் அபு கதாதாகூட வேண்டுகோள் விட்டார். பலிக்கவில்லை. 2006 மார்ச்சில் ஃபாக்ஸின் உடல் கிடைத்தது. மார்ச் 23 அன்று படையினர் புகுந்து மூவரையும் மீட்டார்கள். ஒரு குண்டுகூடச் சுடாமல்தான், ஆனாலும் ஆயுதத்தோடு.

இதை நான் நியாயப்படுத்தி மழுப்ப மாட்டேன். தங்களை மீட்க ஆயுதம் வேண்டாம் என்று அந்தக் குழு முன்பே சொல்லியிருந்தது. அப்படியும் மீட்டது ஆயுதம்தான். இந்த முடிச்சு அவிழவில்லை, அவிழாமலே இருக்கட்டும். மீண்டு வந்த மூவரும் அதே வருஷம் டிசம்பரில் லண்டனில் கூடி, கடத்தியவர்களை மன்னித்துவிட்டோம், அவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்றார்கள். அதைச் சொல்லும் அதிகாரம் சங்கிலியில் கிடந்த அந்த மூவருக்குத்தான் இருந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போதே போகாதீர்கள் என்று சொல்வேன். 2024 மே மாதம் ஓமலூர்ப் பக்கம் தீவட்டிப்பட்டியில், மாரியம்மன் கோயில் வழிபாட்டை ஒட்டி இரண்டு தரப்பும் மோதி, கல் பறந்து கடைகள் எரிந்தன. நம் சபைகளிலிருந்து தீவட்டிப்பட்டி பஸ்ஸில் போகிற தூரம். இப்படிப்பட்ட மோதல் திடீரென்று வெடிப்பதில்லை. டீக்கடையில் பேச்சு மாறும், பெண்கள் வேறு குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவார்கள், தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் நடந்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டு முறைத்துக்கொண்டே வெளியே வருவார்கள். அந்த நாட்களில் இரண்டு தெருவிலும் போய் உட்கார நம்மிடம் ஆள் இருக்கிறதா? கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் சபைகள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கும்போது, யார் நம்மை நம்பி வீட்டுக்குள் விடுவார்கள்? ஹெப்ரோனுக்குப் போகிறவர் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் உள்ள பெயர்களையே பாருங்கள். அவரிடம் ஒரு வருஷம் கேளுங்கள். அந்த வருஷத்தில் உங்கள் ஐக்கியத்தில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, நம் மாவட்டத்தில் இப்படிப் புகைந்துகொண்டிருக்கும் ஓர் ஊருக்கு மாதம் இரண்டு முறை போய் வாருங்கள். பிரசங்கம் வேண்டாம், துண்டுப்பிரசுரம் வேண்டவே வேண்டாம். இரு தரப்பிலும் பெரியவர்களைப் பார்த்து, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே எழுதுங்கள்: கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், காதில் விழுந்தது இன்னொரு பக்கம், நீங்கள் ஊகித்தது தனியாக. மூன்றையும் கலக்காமல் எழுத வருவதற்கே ஆறு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதக் குறிப்புகளை, அந்த ஊர்க்காரர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள். ஏற்காட்டில்தான் இருக்கிறேன், படித்துக் குறித்துத் தருகிறேன்.